திருத்தியவர் பெயர்

கணினியில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு ‘கொ’ என்ற எழுத்து எப்போதும் கொஞ்சம் தொல்லை. பிழையாக விழுந்துவிட்டதென்று அழிக்கும் விசையை ஒரு தரம் அழுத்தினால், சில மென்பொருள்களில் எழுத்து முழுவதும் போய்விடும். சிலவற்றில் பின்னால் இருக்கிற கால் மட்டும் போய், ‘கெ’ என்று ஒன்று மிச்சமாய் நிற்கும். நாங்கள் எங்கள் இணையத்தளத்துக்கு எடிற்றர் தேடத் தொடங்கியபோது நான் முதலில் சோதித்துப் பார்த்தது இதைத்தான். இப்படியான சின்ன விஷயங்களில் நான் கவனமானவன். பெற்றிசியா அக்காவைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார்.

நீங்கள் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு, ஆறுதலாக, அவசரப்படாமல் சொல்லும்படி கேட்டீர்கள். சட்டத்தரணிகள் அப்படிக் கேட்பது குறைவு. நான் ஆறுதலாகவே சொல்கிறேன். எடிற்றரிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் வலன்ரைன். ஊர் தோட்டவெளி. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆடி மாதம் வன்னிக்குள் ஒரு கணினி நிலையத்தில் படிப்பிக்கப் போனேன். அடுத்த மாதமே பாதை பூட்டுப்பட்டது. மூன்று வருடம் உள்ளே இருந்தேன். சண்டையின் கடைசியில் எல்லாரோடும் சேர்ந்து நடந்து வெளியே வந்தேன். பிறகு கொஞ்சக் காலம் முகாம், பிறகு வீடு. இரண்டாயிரத்துப் பதினொன்றின் முடிவில் பெற்றிசியா அக்கா என்னைக் கூப்பிட்டார். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரண்டு அறைக் கந்தோர் ஒன்றில், காணாமல் போனவர்களின் வீட்டார் சொல்வதை எழுதிச் சேர்க்கும் ஒரு சிறிய நிலையத்தை அவர் நடத்திக்கொண்டிருந்தார். என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை.

“உள்ளுக்கு இருந்தனீரோ?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் அக்கா.”

“அப்ப உமக்கு விளங்கும்,” என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை.

மீளக் குடியேறிய ஊர்களிலிருந்து சனம் வரும். தறப்பாள் கொட்டிலில் இருந்தபடி வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற சனம். அவர்கள் சொல்லச் சொல்லக் கிருஷிகா என்ற பிள்ளை ரைப் செய்வாள். அவர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். அந்த வாக்குமூலங்களை இணையத்தளமொன்றில் போடவேண்டும் என்பது பெற்றிசியா அக்காவின் எண்ணம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வாசிப்பார்கள், உங்களைப் போன்றவர்கள் வாசிப்பார்கள், நாளைக்கு விசாரணை என்று ஏதாவது வந்தால் உடனே எடுத்துக் கொடுக்கலாம். தளத்தைக் கட்டுவது என் பொறுப்பு.

தளத்துக்குள் எழுத்தைப் போட ஒரு பெட்டி வேண்டும். தடித்த எழுத்து, பந்தி பிரிப்பு, படம் சேர்ப்பு எல்லாவற்றையும் அதற்குள்ளேயே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். அதைத்தான் எடிற்றர் என்கிறோம். உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து பார்த்து, எங்கள் தேவைக்கு மாற்றக்கூடியதாய், இலவசமாய்க் கிடைப்பவை அப்போதே நிறைய இருந்தன. நான் மூன்றைத் தெரிந்தெடுத்தேன்.

முதலாவது பார்வைக்கு அழகு. ஆனால் எங்களிடம் இருந்த இணைப்பு கணினியில் செருகுகிற ஒரு குச்சிதான். அந்த எடிற்றர் திறந்து முடிவதற்குள் தெருவில் போன கழுதைகள் பெரியகடை வரை போய்த் திரும்பி வந்துவிடும். அதை ஒரே நாளில் ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது நல்லது. இதை உங்களிடம் மறைக்க எனக்குக் காரணமில்லை. ‘கொ’ முழுதாக அழிந்தது. வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் தேவையில்லாத குப்பைகளை வடிகட்டிவிட்டு எழுத்தை மட்டும் எடுத்தது. அதோடு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. யார் எந்தச் சொல்லை மாற்றினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அழித்த சொல் சிவப்புக் கோட்டோடு அதே இடத்தில் நிற்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் திருத்தியவர் பெயர், திகதி, நேரம்.

மூன்றாவது இலேசானது. ஒரே கோப்பு, பத்துப் பன்னிரண்டு பொத்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள் திறந்துவிடும். ‘கொ’வில் மட்டும் கொஞ்சம் இடறியது, அதை நானே சரிசெய்துவிட்டேன். புதிதாகச் சேமித்தால் பழையது போய்விடும். என்ன இருந்தது, யார் மாற்றினார்கள் என்ற பேச்சே அதில் இல்லை.

நான் நான்கு பக்கத்தில் அறிக்கை எழுதி மூன்றாவதைச் சிபாரிசு செய்தேன். அந்த அறிக்கை இப்போது உங்களிடம் இருக்கும். அதில் ஒரு பொய் கிடையாது. இணைப்பின் வேகம், கணினிகளின் வயது, கிருஷிகா பழகிக்கொள்ள எடுக்கும் நேரம் எல்லாம் உண்மை. எந்தக் கணினிக்காரரிடமும் காட்டுங்கள், சரியென்றுதான் சொல்வார். எடிற்றர்களைச் சோதிக்க நான் எந்த எழுத்தைப் பாவித்தேன் என்பது மட்டும் அதில் இல்லை. அப்படி எழுதுவது வழக்கமும் இல்லை.

சோதிப்பதற்குப் பொய் எழுத்தை ஒட்டிப் பார்ப்பதில் பிரயோசனமில்லை என்று, கிருஷிகாவின் கோப்புகளில் மேலே கிடந்த ஒன்றை எடுத்திருந்தேன். வெள்ளாங்குளத்துச் சிவபாக்கியம் அம்மாவுடையது. ஒன்றரைப் பக்கம். அவர் என்ன ஆள், எப்படி இருப்பார் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது எடிற்றரில் ஒட்டிவிட்டு எழுத்துகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் இப்படி இருந்தது:

“தகரக் கொட்டிலுக்கு முன்னால வரிசையில நிண்டம். கதிரையில ஒருத்தன் இருந்தவன். தலையில சாக்கு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. மடியில பிளேன்ரீக் கோப்பை. ஒருத்தரும் அவனை அடிக்கேல்லை. என்ரை பிள்ளை தண்ணிக் கானைத் தோளில வைச்சுக்கொண்டு எனக்கு முன்னால நிண்டவன். அவன் என்ரை பிள்ளையைப் பாத்தான். உடன தலையாட்டினான். கபிலனைக் கொண்டு போயிட்டினம்.”

சுட்டியை ‘உடன’ என்ற சொல்லின்மேல் வைத்து அழித்தேன். சோதனைதானே. அந்தச் சொல் போகவில்லை. சிவப்பாகி, நடுவில் கோடு விழுந்து, அங்கேயே நின்றது. பக்கத்தில் எழுதியிருந்தது: வலன்ரைன், முற்பகல் 11.40.

கிருஷிகா அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நல்லாயிருக்கே அண்ணா. என்னத்தை அழிச்சாலும் ஆள் பேரோட காட்டுது.”

“ஓம். ஆனா பாரம் கூட,” என்றேன்.

அந்தச் சாக்குக்குள் இருந்தவன் நான்தான். இதை நீங்கள் வருமுன்பே ஊகித்திருப்பீர்கள். வன்னியிலிருந்து வெளியே வந்த சனத்தை இராணுவம் வரிசையில் விட்டு, இயக்கத்தில் இருந்தவர்களைப் பிரித்தெடுத்த கொட்டில் அது; அதில் இரண்டு நாள் இருந்தேன். ஒன்பது பேருக்குத் தலையாட்டினேன். கபிலன் ஆறாவது. வாசித்தபோது எனக்கு முதலில் வந்தது பயமென்று நினைக்கவேண்டாம். ஒருவகை மரியாதைதான் வந்தது. அந்தக் கூட்டத்துக்குள், அந்த வெய்யிலுக்குள், அந்த நிலைமையிலும் அவர் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தார். என் மடியில் இருந்த தேநீர்க் கோப்பையைக்கூட விடவில்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை.

அறிக்கையைப் படித்துவிட்டுப் பெற்றிசியா அக்கா ஒரேயொரு கேள்வி கேட்டார்.

“ரெண்டாவதில ஆர் திருத்தினது எண்டு தெரியுமாமே? கிருஷிகா சொன்னவள்.”

“தெரியும் அக்கா. ஆனா அந்தச் சனம் வந்து வாசிக்கேக்க, சிவப்புக் கோட்டை எல்லாம் கண்டா என்ன நினைக்கும்? தாங்கள் சொன்னதை ஆரோ வெட்டிப்போட்டினம் எண்டெல்லோ நினைக்கும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுவும் சரிதான். அதுகள் பட்டது போதும்,” என்றார். மூன்றாவது முடிவாகிவிட்டது.

பழைய எழுத்துருவில் ரைப் செய்ததைப் புதிய முறைக்கு மாற்றும்போது எழுத்துகள் குழம்பும். அவற்றை இருந்து திருத்துவது என் வேலை. முந்நூற்றுக்கு மேற்பட்ட வாக்குமூலங்களை நான் திருத்தியிருக்கிறேன். மற்ற எதிலும் கருத்தில் கை வைக்கவில்லை, நீங்கள் ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம். சிவபாக்கியம் அம்மாவின் பக்கத்தில் மட்டும் மூன்று திருத்தங்கள். முதல் மாதம் ‘உடன’ என்பதை எடுத்தேன். தலையாட்டியவன் எவ்வளவு நேரம் யோசித்தான் என்று வெளியே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? அது அவருடைய ஊகம். அடுத்த மாதம் பிளேன்ரீக் கோப்பையை எடுத்தேன். சம்பவத்துக்கு அது முக்கியமில்லை. மூன்றாவது திருத்தம் பங்குனி கடைசியில். ‘அடிக்கேல்லை’ என்று இருந்த வசனத்தை ‘அவனை அடிச்சவை’ என்று மாற்றினேன்; அடிக்கவில்லை என்பது அடித்தார்கள் என்றாயிற்று. மூன்றையும் சேர்த்தால் பத்துச் சொல் தேறாது.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தப் பக்கத்தை நான் தினமும் பார்க்கவேண்டியிருந்தது. காலையில் கந்தோருக்கு வந்ததும் தளத்தின் தேடலில் ‘தகரக் கொட்டில்’ என்று போட்டுப் பார்ப்பேன். மற்ற எட்டுப் பேரின் வீட்டாரில் எவராவது எழுதிவிட்டார்களா என்று. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு பக்கம்தான் வரும். அதில் நான் கோப்பையோடு இருந்தேன். உலகத்தில் எங்கிருந்து எவர் திறந்தாலும் நான் அங்கே அப்படி இருந்துகொண்டே இருப்பேன். அந்த நாள்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் எதைக் கேட்டாலும் ‘ஓம்’, ‘இல்லை’ என்று வாயால் சொல்வேன், தலையை அசைக்கமாட்டேன். பூசையில் எல்லாரும் தலை குனியும்போதும் நான் நேரே பார்த்துக்கொண்டு நிற்பேன். கழுத்தில் நோவு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஒரு மனிதன் அப்படி எத்தனை நாளைக்கு இருக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சித்திரையில் சிவபாக்கியம் அம்மா கந்தோருக்கு வந்தார். தங்கள் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அச்சுப்பிரதி ஒன்று வாங்கிக்கொண்டு போவதற்குச் சனம் வருவது வழக்கம். மெல்லிய ஆள், நெற்றியில் திருநீறு, கையில் பொலித்தீன் பையில் கபிலனின் படங்கள். எட்டாம் வகுப்புவரை படித்தவர், விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாய் வாசித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது.

“தம்பி, நான் இப்பிடியோ சொன்னனான்?”

“ஓம் அம்மா. நீங்கள் சொல்லச் சொல்லத்தானே அந்தப் பிள்ளை ரைப் பண்ணினவ.”

அன்று கிருஷிகா லீவு. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

“அடிச்சவையோ… இருக்கும். எனக்கு அண்டைக்கு ஒண்டும் நிதானமில்லை, தம்பி. எழுத்தில இருந்தாச் சரியாத்தான் இருக்கும்.”

தாளை நான்காய் மடித்துப் படங்களோடு வைத்துக்கொண்டு போனார்.

வைகாசியில் படமெடுக்கிற வேலையாய் நான் வெள்ளாங்குளம் போனேன். பெற்றிசியா அக்காதான் அனுப்பினார். இரண்டரை மணி நேரப் பஸ், புழுதி. சிவபாக்கியம் அம்மாவுக்கு அப்போதுதான் வீட்டுத் திட்டத்தில் சுவர் எழும்பி, பாதிக்குக் கூரையும் போட்டிருந்தது. பக்கத்துக் காணி தில்லைநாதன் என்ற வயல்காரருடையது. இரண்டு காணிக்கும் நடுவே வேலியில் போய்வர ஒரு பொட்டு, ஆள் நுழையுமளவு இடைவெளி, விட்டிருந்தார்கள். தில்லைநாதன் அந்தப் பொட்டால் புகுந்து வந்து எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். அவரும் அன்று அதே வரிசையில் நின்றவர் என்று சிவபாக்கியம் அம்மா சொல்லி அப்போதுதான் அறிந்தேன். தில்லைநாதன் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

சிவபாக்கியம் அம்மா தன் கண்ணாடி உடைந்துவிட்டதென்றும், பக்கத்தை ஒருமுறை உரத்து வாசிக்கும்படியும் கேட்டார். வாசித்தேன். அந்த வசனம் வந்தபோது அவரும் என்னோடு சேர்ந்து சொன்னார். அவருக்கு அது பாடமாகியிருந்தது.

“அவனை அடிச்சவை,” என்றோம் இருவரும்.

அவர் தாளைத் திரும்ப மடித்தார். பிறகு சொன்னார்: “முந்தி நான் அவனை ஒவ்வொரு நாளும் ஏசுறனான், தம்பி. மண் அள்ளித் தூத்தியிருக்கிறன். இப்ப ஏசுறேல்லை. அடி தாங்கேலாமத்தானே தலையாட்டினவன். அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா. எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.”

அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு சோறு போட்டார். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று வருடத்தில் அப்படிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். நீங்கள் இதை என்ன பெயர் சொல்லி அழைப்பீர்களோ தெரியாது. என் கணக்கில் அன்று இரண்டு பேருக்குச் சுகம் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில் என் இடது காதில் ஒரு இரைச்சல் தொடங்கியது. பாதைப் புழுதியாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

ஆவணியில் காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்க ஒரு குழு வந்தது. வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன் பெற்றிசியா அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். தில்லைநாதன் சாதாரண ஆளில்லை, தலையாட்டி அன்று பின்னேரம் ஏறிப்போன ஜீப்பின் இலக்கத்தைத் தன் குடும்ப அட்டையின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஒரே வரிசையில் நின்ற இருவர் ஒரே கதையைச் சொன்னால் குழு அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜீப்பைப் பிடித்தால் தலையாட்டியைப் பிடிக்கலாம். தலையாட்டியைப் பிடித்தால் கபிலனை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கலாம். அக்கா சந்தோசமாக இருந்தார். அப்படி அவரைக் கண்டது குறைவு.

பழையபடி மாற்றிவிட எனக்கு மூன்று நிமிடம் போதும். நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அச்சுப்பிரதி அவர் கையில் இருந்தது, அவர் மனதில் இருந்ததும் அதுதான். வயதான ஆளை அந்த நேரத்தில் குழப்பக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் நான் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தேன். குழுவில் மூன்று பேர், ஒரு மொழிபெயர்ப்பாளர். சிவபாக்கியம் அம்மா தாளைப் பார்க்காமலே சொன்னார். நிதானமாக, அழாமல்.

“அவனை அடிச்சவையோ?” என்று மொழிபெயர்ப்பாளர் திருப்பிக் கேட்டார்.

“ஓம் ஐயா. துவக்குப் பிடியால. காதடியில. சத்தம் கேட்டது.”

துவக்கென்றோ துப்பாக்கிப் பிடியென்றோ நான் எங்கேயும் எழுதவில்லை. காதடி என்றும் எழுதவில்லை. அவை அவரே கண்டவை.

தில்லைநாதன் தன் முறை வரும்வரை பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். “பாக்கியக்கா, என்ன கதைக்கிறீங்கள்? ஒருத்தரும் அவனைத் தொடேல்லை. பிளேன்ரீ குடிச்சுக்கொண்டெல்லோ இருந்தவன்!”

“அடிச்சவை, தம்பி.”

“நான் உங்களுக்குப் பின்னால நிண்டனான்.”

“நான் உனக்கு முன்னால நிண்டனான்.”

குழுவில் நடுவே இருந்தவர் தளத்திலிருந்து எடுத்த பிரதியைப் பார்த்தார், தில்லைநாதன் எழுதிக் கொடுத்திருந்ததைப் பார்த்தார், இரண்டையும் ஒன்றாய் வைத்துப் பென்சிலால் ஏதோ குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். ஜீப் இலக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம்.

வெளியே வேப்பமரத்தடியில் தில்லைநாதன் குடும்ப அட்டையை நீட்டிப் பிடித்தபடி நின்றார். “மூண்டு வருசமா இதை மடிக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறன், அக்கா. ஆருக்காக? உங்கட பிள்ளைக்காக. நீங்களே என்னைப் பொய்யனாக்கிப்போட்டியள்.”

“நான் பொய் சொல்லேல்லை. எழுதியெல்லாம் கிடக்கு,” என்று அவர் தாளைக் காட்டினார்.

“இனி என்னை ஒரு இடத்துக்கும் கூப்பிடாதேங்கோ,” என்று தில்லைநாதன் பெற்றிசியா அக்காவிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். பிறகு நான் வெள்ளாங்குளம் போனபோது வேலியில் இருந்த பொட்டு தென்னங்கிடுகு வைத்து அடைபட்டிருந்தது.

ஓம், பிறகும் போனேன். மாதம் ஒருமுறை. கூரையின் மிச்சத்தைப் போட நின்று உதவி செய்தேன். அவருக்குப் புதுக் கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன். மகன் என்று என்னைக் கூப்பிடத் தொடங்கினார். அதை நான் கேட்டு வாங்கவில்லை.

இந்த வருடம் கந்தோரை வேறு இடத்துக்கு மாற்றினோம். அலுமாரியை ஒதுக்கும்போது கிருஷிகா ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். ஆரம்ப நாள்களில் கரண்ட் நின்று நின்று போகும் என்பதால், ரைப் செய்வதை அன்றன்றே ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்கவேண்டும், அது என் கவனக்குறைவு. அவள் சிவபாக்கியம் அம்மாவின் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணா, இது நான் ரைப் பண்ணினது இல்லை.”

“எழுத்துரு மாத்தேக்க குழம்பியிருக்கும்.”

“எழுத்துருக் குழம்பினா ‘அடிக்கேல்லை’ எண்டது ‘அடிச்சவை’ எண்டு வருமோ?”

நான் அலுமாரித் தட்டைத் துடைக்கத் தொடங்கினேன்.

“ஆர் அண்ணா திருத்தினது?”

“இதில அது தெரியாது, தங்கச்சி.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி அடுத்த அறைக்கு, பெற்றிசியா அக்காவிடம் போனாள். போகும்போது அழுதாளென்று நினைக்கிறேன். நல்ல பிள்ளை. நீங்கள் அவளிடம் கடுமையாய்க் கேள்வி கேட்கவேண்டாம்.

கபிலனை எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது. அன்றுதான் முதல்முறை கண்டேன். அவன் இயக்கத்தில் எதிலும் இருந்தவன் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. வயல்வேலை செய்கிற பெடியனின் கை. தண்ணீர்க் கானை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். அதற்கு முன் அரை மணி நேரமாய் நான் ஒருவருக்கும் தலையாட்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற இராணுவ அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார்.

எங்கே கொண்டுபோனார்கள் என்பதும் தெரியும். பின்னேரம் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற லொறியில் அன்று பிரித்தெடுத்த ஆறு பேரையும் ஏற்றினார்கள். லொறி தெருவுக்கு ஏறவில்லை, காட்டுப் பாதையால் இறங்கியது. முக்கால் மணி நேரத்தில் வெறுமையாய்த் திரும்பி வந்தது. அந்தப் பாதை எங்கே பிரிகிறது என்று இப்போதும் என்னால் காட்டமுடியும். சிவபாக்கியம் அம்மா இதை என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு மாதமும் அவன் வந்தால் போடவென்று அலுமாரிக்குள் வைத்திருக்கிற சேர்ட்டை எடுத்து வெய்யிலில் காயப்போடுகிற ஆளிடம், கேட்காமல் போய்ச் சொல்வது சரியென்று எனக்குப் படவில்லை.

நான் செய்தவற்றை மறுக்கவில்லை. எடிற்றரைத் தெரிந்தெடுத்தது நான். திருத்தியது நான். கொட்டிலில் இருந்ததும் நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமோ வைக்கிறேன். ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் விரும்பிச் செய்தேன் என்று எழுதவேண்டாம். என்னை அடித்தார்கள். துவக்குப் பிடியால், இடது காதடியில். இப்போதும் இரைகிறது. உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் தளத்தைத் திறந்து பாருங்கள். சிவபாக்கியம் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தவர், அவரே சொல்லியிருக்கிறார்.